112.56-ல் ஏன் பீக் இல்லை? ஐசோடோப்பும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும்: கேள்வி பதில்

கேள்வி: குளோரோபென்சீனின் மூலக்கூறு எடை 112.56 என்று கணக்கிட்டேன். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அந்த இடம் காலி. 112-லும் 114-லும் பீக் (வரைபடத்தில் எழும் கூர்முனை) நிற்கிறது. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: கருவிக்கு ஒன்றுமில்லை. 35.45 எடையுள்ள குளோரின் அணு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. குளோரின் என்றால் 17 புரோட்டான், அது மாறாது. கூட இருப்பது 18 நியூட்ரான் என்றால் குளோரின்-35, 20 என்றால் குளோரின்-37. ஒரே தனிமத்தின் இப்படி எடை வேறுபட்ட அணுக்கள்தான் ஐசோடோப்புகள். இயற்கையில் நூற்றுக்கு ஏறக்குறைய 76-ம் 24-மாகக் கலந்திருக்கின்றன. 34.969 × 0.758 + 36.966 × 0.242 போட்டுப் பாருங்கள், 35.45 வரும். தராசில் கிராம் கணக்கில் நிறுப்பவருக்குத்தான் இந்தச் சராசரி உதவும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அயனிகளை (மின்சுமை ஏற்றிய அணு, மூலக்கூறுகளை) எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. அதற்குச் சராசரி தெரியாது.

உயரத்தையும் பாருங்கள்: 112-க்கு 3 பங்கு, 114-க்கு 1 பங்கு. ஒரு குளோரினுக்கு இதுதான் கைரேகை. இரண்டு குளோரின் இருந்தால் 9:6:1. புரோமின் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட சம உயரம். நடுவே 113-ல் தெரியும் குட்டிப் பீக்கை அழுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஒரு நியூட்ரான் கூடுதலான ஐசோடோப்பு, கார்பன்-13. கார்பனுக்கு 1.1 சதவீதம், ஆறு கார்பனுக்கு 6.6, 112-ன் உயரத்தில் அவ்வளவு இருக்க வேண்டும்.

கேள்வி: புரோட்டானும் நியூட்ரானும் தனித்தனியே 1-க்கு மேல். 35 துகள் சேர்ந்தால் எப்படி 34.969 ஆகும்?

பதில்: 17 ஹைட்ரஜன் அணுக்களையும் 18 நியூட்ரான்களையும் தனித்தனியாகக் கூட்டினால் 35.289. குறைவது 0.320. அணுக்கரு சேரும்போது வெளியேறிய ஆற்றலின் நிறை அது. பிணைப்பாற்றல் என்பது இதைத்தான். அளவுகோல் கார்பன்-12, அதற்குச் சரியாக 12.0000 என்று வைத்திருக்கிறோம். மற்ற எதுவும் முழு எண்ணாக வராது.

இந்தத் தசமங்களால்தான் ஒரே 28-ல் நிற்கும் மூன்றைப் பிரிக்க முடிகிறது: கார்பன் மோனாக்சைடு 27.995, நைட்ரஜன் 28.006, எத்திலீன் 28.031. முதல் இரண்டுக்கும் இடைவெளி 0.011 மட்டுமே, பிரித்துக் காட்ட 2,500 அளவு பிரிதிறன் (எடையை இடைவெளியால் வகுத்த எண்) வேண்டும். சாதாரண குவாட்ருபோலில் (நான்கு தண்டுகளால் அயனிகளைப் பிரிக்கும் எளிய வகைக் கருவி) மூன்றும் ஒரே பீக்.

கேள்வி: நிலையான தனிமத்துக்கும் ஐசோடோப்பு உண்டு என்று முதலில் எதில் தெரிந்தது?

பதில்: நியானில். ஜே. ஜே. தாம்சன் 1913-ல் 20, 22 என இரு தடங்களைக் காட்டினார். ஆஸ்டன் 1919-ல் நிறை நிறமாலைவரைவி கட்டி அதை உறுதிசெய்தார். 1922-ல் வேதியியல் நோபல்.

கேள்வி: மாதிரி எதுவும் செலுத்தாதபோதே, பின்னணியில் 18, 28, 32 மூன்றும் பெரிதாக இருக்கின்றன. கசிவா?

பதில்: 28-ம் 32-ம் ஏறத்தாழ 4:1 என்றால் காற்றேதான், கசிவு. 18 மட்டும் ஓங்கி, மற்றவை சிறிதாக இருந்தால் ஈரம். கருவியை அண்மையில் திறந்திருப்பீர்கள், இரவு முழுக்கப் பம்ப் ஓடட்டும்.

கசிவைத் தேட ஆர்கான் எடுங்கள். எம்/இசட் (நிறை ÷ மின்சுமை) 40-ஐ மட்டும் திரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஓரிரு விநாடி மெல்ல ஊதி, சற்றுப் பொறுங்கள். 40 துள்ளும் இடமே கசிவு. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும்; அதனால் கீழ் இணைப்பில் தொடங்கி மேலே போங்கள், இல்லையேல் மேலே ஊதியது கீழே இருக்கும் ஓட்டையைக் காட்டி ஏமாற்றும். பம்ப் ஓடியும் கருவிக்குள் அழுத்தமே இறங்கவில்லை என்றால் இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள். எலக்ட்ரான்களை உமிழும் சூடான இழை ஆக்சிஜனில் எரிந்துபோகும். முதலில் கதவின் ரப்பர் வளையத்தில் தலைமுடியோ தூசியோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள், பாதி நேரம் அங்கேதான்.

கேள்வி: மூலக்கூறுகளை அயனியாக்க மோதவிடும் எலக்ட்ரானின் ஆற்றலை எல்லோரும் ஏன் 70 எலக்ட்ரான்வோல்ட் என்று வைக்கிறார்கள்?

பதில்: அங்கே அயனியாக்கம் ஏறாமல் இறங்காமல் சமதளமாக இருக்கும். பொருளை அடையாளம் காண ஒப்பிடும் நிறமாலைத் தொகுப்புகளும் (நூலகங்கள்) அதே ஆற்றலில் எடுத்தவை. மாற்றினால் உடைதுண்டுகளின் அளவு மாறி, பொருத்தம் கெடும்.

கேள்வி: எலக்ட்ரோஸ்ப்ரேயில் (கரைசலை மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்கும் முறை) ஒரு புரதம், 1431.5-லும் 1590.5-லும் அடுத்தடுத்த பீக். எடை எது?

பதில்: இரண்டும் இல்லை. கருவி தருவது நிறையை மின்சுமையால் வகுத்த எண். அடுத்தடுத்த பீக்குகளில் ஒரு புரோட்டான்தான் வித்தியாசம் என்று கொள்ளுங்கள். சிறிய எண்ணில் 1.007 கழித்து இடைவெளியால் வகுக்க: 1430.5 ÷ 159 = 9. ஆக 1590.5-ன் மின்சுமை 9. 1590.5 × 9 − 9.07 = 14,305. மற்றதை 10-ஆல் பெருக்கி 10.07 கழித்தாலும் அதே விடை வர வேண்டும். வகுத்தது முழு எண்ணுக்குப் பக்கத்தில் வராவிட்டால் நீங்கள் எடுத்தவை அடுத்தடுத்த பீக்குகள் அல்ல, அல்லது ஒன்றில் புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஒட்டியிருக்கிறது.

கேள்வி: ஒரு குளோரின்தான், ஆனால் 3:1-க்குப் பதில் 2:1 வருகிறது.

பதில்: பெரிய பீக்கில் டிடெக்டர் நிரம்பிவிட்டது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். பெரியது வெட்டுப்பட, சிறியது அப்படியே நிற்கும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். 3:1 திரும்பினால் அதுவே காரணம். திரும்பாவிட்டால், கேஸ் குரோமட்டோகிராபில் (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கருவிக்குள் அனுப்புவது) பீக் ஏறும் இடத்தில் ஒரே ஒரு ஸ்கேனை (எடைகளை ஒருமுறை வரிசையாக அளப்பது) எடுத்தீர்களா என்று பாருங்கள். குவாட்ருபோல் 112-ஐ அளந்து 114-க்குப் போவதற்குள் உள்ளே வரும் பொருளின் அளவே மாறியிருக்கும். முழு பீக்கின் ஸ்கேன்களையும் சராசரி எடுங்கள்.