வாசகர் கேள்வி பதில்: கண்ணாடி அடுப்பில் பொங்கல் பானை

கேள்வி: கல்யாணமாகி ஜெர்மனி வந்து இது எனக்கு முதல் பொங்கல், மியூனிக்கில் இருக்கிறோம். வீட்டில் கண்ணாடி போட்ட மின்சார அடுப்பு. பொங்கி வழிந்தால் கண்ணாடி பாழாகும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார் என்கிறார் கணவர். அம்மா கொடுத்தனுப்பிய வெண்கலப் பானை வேறு சும்மா கிடக்கிறது. பேசாமல் குக்கரில் வைத்துவிடட்டுமா?

பதில்: குக்கர் வேண்டாம். கரும்பு, மஞ்சள் கொத்து, ஏழு காய் குழம்பு எதை வேண்டுமானாலும் விடுங்கள், வழிவதை மட்டும் விடாதீர்கள், அது இல்லையென்றால் அன்றைக்குச் சாப்பிடுவது வெறும் சர்க்கரைச் சாதம்தான்.

உங்கள் கணவர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு ஆகாதது சர்க்கரை. வெல்லப்பாகு வழிந்து அதிலேயே ஆறி இறுகினால், சுரண்டும்போது கண்ணாடியும் சேர்ந்து பெயரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் வழிவது எது? பாலும் அரிசி களைந்த தண்ணீரும். வெல்லம் விழுவதே அரிசி குழைந்த பிறகுதானே! பால் கறை ஈரத்துணிக்குப் போய்விடும். ஒரு கரண்டி வழிந்ததும் பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், இந்த அடுப்பு கேஸ் மாதிரி டக்கென்று அடங்காது. ஸ்டுட்கார்ட்டில் முதல் வருடம் நான் சூட்டைக் குறைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், அரை லிட்டர் பால் தரைக்குப் போனது.

வெண்கலப் பானை உருண்டை அடியாக இருந்தால் தட்டையான கண்ணாடியில் சூடு ஏறவே ஏறாது, இன்டக்‌ஷன் என்றால் கேட்கவே வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் பொங்க வையுங்கள் (பசுமஞ்சள் அங்கே 'பயோ' எனப்படும் இயற்கை விளைபொருள் கடைகளில் கிடைக்கும், இலைதான் இருக்காது). அப்புறம் பொங்கலை வெண்கலப் பானைக்கு மாற்றிப் படையுங்கள், அம்மாவுக்குப் போகும் போட்டோவில் அது இருந்தால் போதும்.

அரிசிக்கு அலைய வேண்டாம். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் 'மில்ஷ்ரைஸ்' என்று குட்டையான அரிசி விற்கும், பால் கஞ்சிக்கான அரிசி அது, நம் பச்சரிசி மாதிரியே நன்றாகக் குழையும். வாழையிலை தாய்லாந்து, வியட்நாம் கடைகளில் உறைய வைத்து இருக்கும், பனி விட்டதும் சூட்டில் லேசாக வாட்டினால் கிழியாது.

நேரமா? ஜனவரி நடுவில் மியூனிக்கில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய காலை 8 மணி ஆகிவிடும், மேகம் இருந்தால் அதுவும் கண்ணில் படாது. கிழக்கு ஜன்னலைப் பார்த்து வைத்துவிட வேண்டியதுதான். ஒரு வசதி, பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரைதான் அங்கே இரவு அமைதி நேரம், அதனால் 'பொங்கலோ பொங்கல்' தாராளமாகச் சொல்லலாம். அன்று வேலை நாளாக இருந்தால் காலையில் பொங்கல் மட்டும் வைத்துவிட்டு, இலை போட்டு விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: வெல்லம் போட்டதும் பால் திரிந்துவிடுகிறது. என்ன செய்வது? (சூரிச் வாசகர்)

பதில்: அரிசியையும் பருப்பையும் முதலில் தண்ணீர் அதிகமாகவும் பால் கொஞ்சமாகவும் விட்டுக் குழைய வேக விடுங்கள். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, பொங்கல் கொதி அடங்கிய பிறகு சேருங்கள், கொதிக்கும் பாலில் நேராகப் போடும்போதுதான் திரிகிறது. ஒரு பங்கு அரிசிக்கு கால் பங்கு பாசிப்பருப்பு, ஒன்றரைப் பங்கு வெல்லம். முந்திரி வறுக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், நெய்ப் புகைக்கு அலாரம் அலறும்.