மொத்த நிலத்தையும் ஒரே பையன் பேருக்கு எழுதலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு நாலு ஏக்கர் இருக்கு. ரெண்டு தாத்தா காலத்துல இருந்து வர்ற பூர்வீகம், ரெண்டு நான் சம்பாதிச்சு வாங்குனது. மூத்தவன் டவுன்ல வேலை பாக்குறான், சின்னவன்தான் என்கூட காட்டுல கெடக்கான், பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. எல்லாத்தையும் சின்னவன் பேருக்கு உயில் எழுதி வச்சிரலாம்னு இருக்கேன், செல்லுமா?

பதில்: ஐயா, நீங்க வாங்குன ரெண்டு ஏக்கர யாருக்கு வேணாலும் எழுதலாம், அதுல யாரும் பங்கு கேக்க முடியாது. பூர்வீகம் அப்படி இல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 2005ல வந்த திருத்தப்படி பொண்ணுக்கும் பிறப்பாலேயே சம பங்கு உண்டு, கல்யாணம் ஆகி நகை போட்டு அனுப்பிட்டோம்ங்கறதெல்லாம் செல்லாது, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் இத உறுதி பண்ணிருச்சு. அப்ப உங்களோட சேத்து நாலு பங்கு, உங்க கால் பங்குக்கு மட்டும்தான் நீங்க உயில் எழுத முடியும். (உங்க அப்பா சொந்தமா வாங்கி, உயில் இல்லாம இறந்து, உங்களுக்கு வந்த நிலம்னா கணக்கே வேற, அதனால மூலப் பத்திரத்த மொதல்ல ஒரு வக்கீல்கிட்ட காட்டிருங்க.)

என்னக் கேட்டா உயில விட நீங்க இருக்கும்போதே மூணு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேசுறதுதான் நல்லது. உயில் நீங்க போனப்புறம்தான் பிரிக்கப்படும், அப்ப அண்ணன் தம்பி தங்கச்சிக்குள்ள வர்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க. உழைக்கிறவன்கிட்ட நிலம் இருக்கணும்னு நீங்க நினைக்கறது ரொம்ப நியாயம், ஆனா அதுக்கு மத்த ரெண்டு பேரும் மனசார சம்மதிக்கணும். சின்னவன் அவங்க பங்குக்கு வெள்ளாமை வர வர தவணையா பணம் குடுக்கறதா பேசி, அவங்க தங்க பங்க விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்கலாம். தவணையையும் பேப்பர்ல எழுதிக்கோங்க, வாய்ப்பேச்சா விடாதீங்க.

உங்க சொந்த நிலத்த இப்பவே செட்டில்மெண்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்த எழுதிக் குடுத்துடற பத்திரம்) பண்ணுறதா இருந்தா கவனமா இருங்க, அத ரிஜிஸ்டர் பண்ணி பையன் ஏத்துக்கிட்டா அப்புறம் நீங்களா ரத்து பண்ண முடியாது. அதனால உங்களுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் ஆயுசு வரைக்கும் அனுபவிக்கிற உரிமை, கடைசி வரைக்கும் பாத்துக்கணும்ங்கற நிபந்தனை, ரெண்டையும் பத்திரத்துலயே எழுதணும். நிபந்தனை இருந்தாதான், பாத்துக்காம விட்டா 2007ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவுல ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்)கிட்ட போய் பத்திரத்த ரத்து பண்ணக் கேக்க வலுவா இருக்கும்.

பாதி சண்டை நிலத்தால வர்றதில்ல, கிணத்தாலயும் பாதையாலயும்தான் வருது. ஒருவேளை நிலத்த பங்கு போடுறதா முடிவானா கிணத்துல யாருக்கு எத்தன பங்கு, எந்த நாள் யார் முறை, வண்டிப்பாதை எத்தன அடி, வாய்க்கால் எந்தப் பக்கம், மோட்டாரோட கரண்ட் சர்வீஸ் யார் பேர்ல, எல்லாத்தையும் பத்திரத்துல போடுங்க. முடிஞ்ச கையோட சர்வேயர வச்சு அளந்து உட்பிரிவு பண்ணி தனித்தனி பட்டா வாங்கிருங்க, கூட்டுப் பட்டாவாவே விட்டா நாளைக்கு லோன் வாங்கறதுக்குக்கூட எல்லார் கையெழுத்துக்கும் அலையணும்.