கணினி பூட் ஆகத் தொடங்கும்போது கேசனின் நிழல் நினைவகம் எங்கிருந்து வருகிறது?

நினைவகம் ஒதுக்கும் வசதியே எழாத நேரத்தில் கேசன் (KASAN, கர்னலின் தவறான நினைவக அணுகல்களைப் பிடிக்கும் கருவி) சோதனைகள் ஏன் இயங்குதளத்தின் மையமான கர்னலைக் கவிழ்ப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்86-64 லினக்ஸை வைத்துச் சொல்கிறேன்.

நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டையும் தொடலாமா என்று குறித்து வைக்க 1 நிழல் பைட் என்பது கணக்கு. 128 டெராபைட் கர்னல் முகவரி வெளிக்கு 16 டெராபைட் நிழல். அவ்வளவு ரேமுக்கு எங்கே போவது? எனவே ஒரு குறுக்குவழி: நிழல் வெளி முழுவதையும் பூஜ்யம் நிரம்பிய ஒரே 4096 பைட் பக்கத்துக்கு மேப் செய்துவிடுவார்கள். நிழல் பைட் 0 என்றால் 'எட்டையும் தொடலாம்' என்று பொருள். எல்லாச் சோதனையும் பாஸ்.

பின்னர் நிஜ ரேமுக்குத் தனி நிழல் பக்கங்கள் ஒதுக்குவார்கள். மீதிக்குப் பெரும்பாலும் அந்தப் பழைய பக்கமேதான். அதற்குள் அதில் குப்பை சேர்ந்திருக்கலாம் (யார் வேண்டுமானாலும் எழுதியிருப்பார்களே!). அதனால் துடைத்துவிட்டு, வாசிக்க மட்டும் என்று பூட்டுவார்கள். கடைசியில் முதல் டாஸ்கின் கேசன் எண்ணியை (0 ஆகாதவரை ரிப்போர்ட்டை அடக்கி வைப்பது இதுதான்) 0 ஆக்கிய பிறகே ரிப்போர்ட் வரத் தொடங்கும்.