சார்ல்ஸ்டன் என்ற அமெரிக்க நடனத்தை வகுப்புக்குப் போகாமல் நாமாகவே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். 43 வயதில் வீட்டிலேயே ஆடிப் பழகியவன் நான். ஆறு வாரம் பிடித்தது. அதில் முதல் இரண்டு வாரம் வீண். ஏன் வீணானது என்பதுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

வீடியோவை ஓடவிட்டு ஆடுபவரின் கால்களையே பார்த்துக்கொண்டு அப்படியே செய்தேன். உதை வந்தது, திருகல்கூட ஓரளவு வந்தது. ஆனால் பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போதாக்குறைக்கு முட்டி வலி.

இந்த ஆட்டம் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியது 1923இல். நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் கறுப்பினக் கலைஞர்கள் நடத்திய 'ரன்னின் வைல்ட்' இசை நாடகத்தில், ஜேம்ஸ் பி. ஜான்சன் இசையமைத்த 'சார்ல்ஸ்டன்' பாட்டுக்கு ஆடினார்கள். வாத்தியக்குழுவோடு சேர்ந்து, ஆடும் குழுவினரே கைதட்டியும் தரையைக் காலால் தட்டியும் தாளம் கொடுத்தார்களாம். இதைப் படித்த அன்றே கால்களை விட்டுவிட்டுக் கைகளைப் பிடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நாள் வெறும் கைதட்டல்தான்.

தாளம் இதுதான்: நான்கு தட்டுகளை எட்டு அரைத்தட்டுகளாகப் பிரியுங்கள். முதலாவதிலும் நான்காவதிலும் மட்டும் கை தட்டுங்கள். மூன்றும் ஐந்தும் எட்டு. தகிட, தகதகிட. ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தில் ஒரு தட்டு. இரண்டாவது தட்டு நீங்கள் எதிர்பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து விழும். அந்தத் துள்ளல்தான் சார்ல்ஸ்டன்.

அது உடம்பில் ஏறிய பிறகு அடவு சுலபம். இடது காலை முன்னே வைத்து எடையை அதன்மேல் ஏற்றுங்கள். வலது காலை முன்னே நீட்டித் தரையைத் தொடுங்கள், எடை வேண்டாம். அதே காலைப் பின்னே கொண்டுபோய் ஊன்றுங்கள். இடது காலைப் பின்னே நீட்டித் தொடுங்கள். மறுபடி முதலிலிருந்து. கைகள் நடக்கும்போது வீசுவதுபோல எதிர்க்காலோடு போகும். அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே நல்லது.

திருகலைக் கடைசியில் சேருங்கள். இரண்டு பாதங்களும் முன்பாதத்தில் சுழல வேண்டும்: கால் காற்றில் போகும்போது குதிகால்கள் வெளியே, தரையில் பதியும்போது உள்ளே. என் முட்டி வலிக்குக் காரணம் ரப்பர் அடி வைத்த செருப்பு. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது, திருகல் முழுவதையும் முட்டி வாங்கிக்கொண்டது. வழவழப்பான அடி உள்ள ஷூவுக்கு மாறினேன், வலி போய்விட்டது. முட்டி எப்போதும் லேசாக மடங்கியே இருக்கட்டும், விரல்கள் பார்க்கும் திசையையே அதுவும் பார்க்கட்டும்.

வேகத்தில் அவசரம் வேண்டாம். அந்தக் காலத்துப் பதிவுகள் பல நிமிடத்துக்கு 200 தட்டுகளைத் தாண்டும். நான் 120இல் தொடங்கி, மூச்சு வாங்காமல் ஒரு பாட்டு முழுக்க ஆட முடிந்த பிறகே அடுத்த வேகத்துக்குப் போனேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முத்துமாலை அணிந்த வெள்ளைக்காரப் பெண்களின் ஆட்டமாகவே இது பெரும்பாலும் காட்டப்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் துறைமுக நகரமான சார்ல்ஸ்டன் பெயரைத் தாங்கிய இது, பிராட்வேக்கு வருவதற்கு முன்பே கறுப்பின மக்கள் ஆடிவந்த ஆட்டம். 1925இல் பாரிஸ் மேடையேறிய கறுப்பின நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் ஆடும் பழைய படத்துணுக்குகளைத் தேடிப் பாருங்கள். குனிந்து, முட்டிகளைச் சேர்க்கும் நொடியில் கைகளைக் குறுக்கே மாற்றி, முட்டிகளே இடம் மாறியதுபோலக் காட்டும் வித்தை இந்த ஆட்டத்தில் உண்டு. நான் இப்போது பழகிக்கொண்டிருப்பது அதைத்தான். மெதுவாகச் செய்தால் வருகிறது, 160ஐத் தாண்டினால் கை தப்புகிறது.