பேப்பர் ஒட்டிய படம்

வணக்கம் சார்,

என் மகன் கவின்கலைக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறான். லீவுக்கு வந்தபோது நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து, நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஓவியக் கண்காட்சி வைத்தான். அவன் வைத்ததில் இரண்டு, வயதான ஒரு பெண் ஆடையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும், கரியால் வரைந்த சார்கோல் படங்கள். இரண்டாம் நாள் காலையில் போனால் இரண்டிலும் கழுத்துக்குக் கீழே செய்தித்தாளை டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. கேட்டால், ‘பிள்ளைங்க வந்து போற இடமில்லியா’ என்கிறார் மண்டபக்காரர். என் அம்மாவுக்கு எண்பது வயது. படத்தைப் பார்த்து, ‘ஆரு பெத்த பிள்ளையோ, துணியில்லாம இருத்தி வச்சிருக்கானுவ’ என்றார். மண்டபக்காரர் செய்தது சரி என்பது அவர் கட்சி. மகன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் யார் பக்கம் பேசுவது?

ஒரு வாசகி, தக்கலை

*

வணக்கம்.

பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி பேப்பர் ஒட்டிய படம் ஒன்றை நானும் பார்த்திருக்கிறேன். மேல்பக்கம் மட்டும்தான் ஒட்டியிருந்தார்கள். எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன். அது இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பேப்பர் தூக்கும். நாலு பையன்கள் அங்கேயே நின்று ஃபேன் திரும்பத் திரும்பச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் முப்பது படமாவது இருந்திருக்கும், ஒன்றையும் அவர்கள் பார்க்கவில்லை. ஒட்டிய தாளில் இருந்தது ஜவுளிக்கடை விளம்பரம்! அதுவரை அது ஒரு சாதாரண உடம்பு. பேப்பர் வந்த பிறகுதான் ஆபாசமாயிற்று.

மண்டபக்காரர் பயப்படுவது சட்டத்துக்கு என்றால் அந்தப் பயம் வேண்டாம். ஆபாசத்துக்கான சட்டம், பழைய தண்டனைச் சட்டத்தில் 292-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 294. கலைக்கும் கல்விக்கும் அதில் விலக்கு உண்டு. புராதனச் சின்னங்களிலும் கோவில்களிலும் இருக்கும் உருவங்களுக்குத் தனியாக விலக்கு. சாமியை ஏற்றும் தேரைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவன் நான். தேரின் கீழ்த்தட்டில் மரத்தில் என்னவெல்லாம் செதுக்கியிருந்தார்கள் என்பது விவரம் தெரிந்த பிறகுதான் புரிந்தது. அதைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் சாக்கு போட்டு மூடியதில்லை.

சட்டம் அப்படி இருந்தும் ஆட்கள் மாட்டத்தான் செய்கிறார்கள். 1954-இல் பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்சீ, ஒரு ஆணையும் பெண்ணையும் வரைந்த படத்துக்காகக் கைதானார். நீதிமன்றம் விடுவித்தது. எழுபது வருடம் கழித்து அவருடைய படங்களையும் இன்னொரு ஓவியரான எஃப்.என். சூசாவின் படங்களையும் ஆபாசம் என்று சுங்கத்துறை பிடித்து வைத்தது. நிர்வாணம் என்பதாலேயே ஆபாசம் ஆகிவிடாது என்று சொல்லி 2024 அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது. மண்டபக்காரரின் பயம் சட்டத்தைப் பற்றியது இல்லை, வாசலில் நாலு பேர் வந்து கத்துவார்களோ என்பது. அது நியாயமான பயம்தான். ஆனால் வாடகை வாங்கும் முன் அதைச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே இன்ன படங்கள் இருக்கின்றன என்று வாசலில் ஒரு போர்டு, அந்த இரண்டுக்கு மட்டும் தள்ளி ஒரு சுவர். இவ்வளவுக்கு உங்கள் மகனும் சம்மதித்திருப்பான். பையனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டியது தப்பு.

அம்மாவின் விஷயம் அப்படி இல்லை. அதை ‘பழைய காலத்து ஆள்’ என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. இந்த மாவட்டத்தில் மார்பை மூடுவது வெறும் கூச்சம் சம்பந்தப்பட்டது இல்லையே. அன்று இது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலே துணி போட்டால் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1829-இல் அவர்கள் தோளை மூடும் தோள்சீலை போடக்கூடாது என்று அரசே அறிவித்தது. 1859-இல் அனுமதி வந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் தோள்சீலைக்கு அடி வாங்கிய ஊரில், ஒரு பெண்ணைத் துணியில்லாமல் யாரோ உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் ஒரு கிழவிக்குச் சுருக்கென்றால், அதைக் கலை தெரியாத தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

அவர் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். ‘அசிங்கம்’ என்று சொல்லவில்லை. ஆரு பெத்த பிள்ளையோ என்கிறார். மண்டபக்காரருக்குப் பார்க்க வருகிறவர்களைப் பற்றிக் கவலை. அம்மாவுக்கு அந்த ஸ்டூலில் இருப்பவளைப் பற்றிக் கவலை. ஒரே கட்சி மாதிரி தெரிந்தாலும் ஒன்றல்ல. இதற்கு உங்கள் மகன்தான் பதில் சொல்லவேண்டும். மாடலாக உட்காருவது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு, கவின்கலைக் கல்லூரிகளில் அது பாடம் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பெண் சம்மதித்து உட்கார்ந்தாளா, எவ்வளவு வாங்கினாள், படம் நாகர்கோவிலில் மாட்டப்படும் என்று அவளுக்குத் தெரியுமா? கடைசிக் கேள்விக்கு அவன் கொஞ்சம் முழிப்பான் என்று நினைக்கிறேன். முழிக்கட்டும்.

முடிந்தால் மூன்று பேருமாக ஒரு நாள் சிதறால் மலைக்குப் போய்வாருங்கள். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தான். அம்மாவுக்கு ஏற முடியாவிட்டால் நீங்களும் மகனும் போங்கள். பாறையில் வரிசையாகச் சமணர்களின் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரிக்க, உடம்பில் நூல்கூட இல்லாமல் நிற்பவர் பார்சுவநாதர். ஆயிரம் வருடத்துக்கு மேலாக நிற்கிறார். பக்கத்திலேயே பகவதி கோவில். கும்பிட வருகிற பெண்கள் அவர் முன்னால்தான் நடந்து போகிறார்கள்.

அப்புறம் ஒன்று. படத்தில் ஒட்டிய டேப்பை இழுத்துப் பிய்க்க விடாதீர்கள், கரியும் சேர்ந்து வந்துவிடும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, காற்றைக் குறைத்து வைத்து, லேசாகச் சூடு காட்டிப் பசை இளகியதும் ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.