வெட்கமும் அவமானமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அமைப்பில் பொறுப்பில் இருந்த ஒருவர் கணக்கில் தவறு செய்துவிட்டார். கூட்டத்தில் அவரை எழுப்பி நிற்கவைத்து ஆளாளுக்கு ஏசினார்கள். தலைவர் குறுக்கிட்டு, “கணக்கை நான் அவரோடு உட்கார்ந்து பார்க்கிறேன்” என்று சொல்லித் தன்னுடன் அழைத்துச் சென்றார். பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டவைத்து, பொறுப்பிலிருந்தும் விடுவித்தார். தலைவர் இளகிவிட்டார் என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கும் குழப்பம்தான். தவறு செய்தவர் வெட்கப்பட வேண்டாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வெட்கப்படத்தான் வேண்டும். ஆனால் வெட்கம் உள்ளே ஊறுவது. அவமானம் வெளியிலிருந்து கொட்டப்படுவது. கூனிக் குறுகி நிற்பவருக்குத் தன் தவறை எண்ணிப் பார்க்க இடமே இல்லை. எங்கே ஒளிவது என்பதுதான் மனத்தில் ஓடும்.

கண்ணோட்டம் என்றால் குறளில் பிறர்மீது காட்டும் பரிவு. வள்ளுவர் அதைத் துறவறத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், ஆள்பவனுக்குச் சொன்னவற்றின் நடுவே, 58ஆம் அதிகாரமாக வைத்தார். “கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு.” உங்கள் தலைவர் கருமத்தைச் சிதைத்தாரா? பணம் திரும்பியது, பொறுப்பும் போனது. மானத்தை மட்டும் அவர் பறிக்கவிடவில்லை. அன்று எல்லாக் கண்களும் அந்த மனிதரையே பார்த்தன, கண்ணோடியது ஒருவருக்குத்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், பயந்து ஓடிய வீரர்களின் கழுத்தில் ‘கோழை’ என்று எழுதிய பலகையை மாட்டி, முரசடித்துப் படையிலிருந்து துரத்தியதுண்டு. சுட்டுக் கொன்றதும் உண்டு. லிங்கன் அவர்களுடைய வழக்குகளைக் ‘கால் வழக்குகள்’ என்றார். கால் ஓடிவிட்டால் மனிதன் என்ன செய்வான் என்ற பரிவு அதில் இருக்கிறது. விடுப்பின்றிப் படையை விட்டுப் போனவர்களுக்காக 1863 மார்ச் 10 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஏப்ரல் 1க்குள் திரும்பினால், இல்லாத நாட்களின் ஊதியம் கிடையாது. வேறு தண்டனையும் கிடையாது. தங்கள் படைப்பிரிவிலேயே சேரலாம். வராதவர்கள் மீது சட்டம் பாயும். அந்த ஊதியப் பிடித்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இழப்பு இவ்வளவுதான் என்று அளந்து சொன்ன பிறகு, ஒருவன் பழைய தோழர்களோடு வரிசையில் நிற்க முடியும். ஏச்சை யாரும் அப்படி அளந்து கொடுப்பதில்லை. பத்து ஆண்டுகள் கழித்தும் யாராவது ஒருவர் அதை நினைவூட்டுவார்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குப் பிறகு உங்களில் யாராவது அவரிடம் பேசினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். கணக்கைப் பற்றிப் பேச வேண்டாம்.