பதில்: கூடலூர் மருத்துவக் குழு குறைப்பு, யாரிடம் கணக்குக் கேட்பது?

கூடலூர் பக்கம் ஆதிவாசி ஊர்களுக்குப் போகும் உங்கள் தொண்டு நிறுவனத்தின் மருத்துவக் குழுவை, 'உலக சுகாதார நிறுவனம் பட்ஜெட்டைக் குறைத்துவிட்டது' என்று ஒரே வரி சொல்லிப் பாதியாக்கிவிட்டார்கள், தாள் எதையும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறைப்பு உண்மைதான். 2026-27க்கு முதலில் 530 கோடி டாலர் என்று போட்டிருந்ததை 420 கோடியாக இறக்கி, 2025 மே மாதம் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் ஒப்புதல் கொடுத்தன. ஆனால் உங்கள் ஜீப்பையும் நர்ஸையும் நிறுத்துங்கள் என்று அங்கே யாரும் கையெழுத்துப் போடவில்லை, அது நடுவில் ஏதோ ஒரு மேசையில் நடந்திருக்கும்.

அதனால் முதலில் உங்கள் தொண்டு நிறுவனத்திடம் ஒப்பந்தத் திருத்தக் கடிதத்தின் (நிதி ஒப்பந்தத்தை மாற்றிய கடிதம்) நகலை எழுத்தில் கேளுங்கள். தேதி, குறைத்த தொகை, அப்புறம் முக்கியமாக எந்தச் செலவுத் தலைப்பில் குறைத்தார்கள் என்பது. களப் பணியாளர் சம்பளத்தில் கை வைத்துவிட்டு அலுவலக வாடகையை அப்படியே விட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் தேடி அலையாதீர்கள், உலக சுகாதார நிறுவனம் போன்ற ஐ.நா. அமைப்புகள் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி வெளிநாட்டுப் பணமே இல்லை (வேடிக்கைதான்). ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள்.

ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போட முடியாது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்குப் போடலாம், 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். இன்னொன்று, 2024 முதல் 2027 வரை உலக சுகாதார நிறுவனத்தின் வெளித் தணிக்கையாளரே நம்ம ஊர் சிஏஜிதான் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்). அவருடைய தணிக்கை அறிக்கை ஆண்டுதோறும் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவைக்குப் போகிறது, இணையத்திலும் இருக்கிறது. கடிதம் கைக்கு வந்ததும் பெயர்களை மறைத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.